'பாக்கீசா'வை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

உருது தெரியாது, பழைய வடநாட்டுப் படங்கள் அதிகம் பார்த்ததில்லை, ஆனாலும் 'பாக்கீசா'வை இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்களே, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று உட்காருபவர்கள் பலர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பார்க்கிற முறைதான் காரணம். கதையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இந்தப் படம் கைக்கு அகப்படாது. கதை என்று பார்த்தால் ஏற்கெனவே பல தடவை கேட்டதுதான்: ஆடிப் பாடிப் பிழைக்கும் குலத்தில் பிறந்த பெண், அவளை விரும்பும் நல்ல குடும்பத்துப் பிள்ளை, குறுக்கே நிற்கும் குடும்ப கௌரவம். இதில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். படத்தின் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டிலும், அரங்க அமைப்பிலும், ரயில் சத்தத்திலும், முக்கியமாகக் கதாநாயகியின் பாதங்களிலும்.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதி இயக்கியவர் கமால் அம்ரோஹி. உத்தரப் பிரதேசத்து அம்ரோஹாக்காரர், உருதுவில் ஊறியவர். 'முகல்-ஏ-ஆசம்' படத்துக்கு வசனம் எழுதிய நால்வரில் ஒருவர். இயக்கியது மொத்தம் 4 படங்கள்தான். கதாநாயகி மீனா குமாரி, தாயாகவும் மகளாகவும் இரட்டை வேடம். உடன் ராஜ்குமார் (கன்னட ராஜ்குமார் அல்ல, இவர் வேறு), அசோக் குமார், வீணா, நாதிரா. 1972 பிப்ரவரி 4 அன்று வெளியானது. பல பட்டியல்களில் மொழி 'இந்தி' என்றே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பேச்சு முழுக்க உருதுதான், அதிலும் சபை நாகரிகம் சொட்டும் உருது.

முதலில் பாட்டு, அப்புறம் படம்

படத்தைப் போடுவதற்குச் சில நாட்கள் முன்பே பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்துவிடுங்கள். காட்சி வேண்டாம், ஒலி மட்டும் போதும். சமைக்கும்போதோ பேருந்தில் போகும்போதோ ஓடவிட்டால் போதும். பாட்டுகள் காதுக்குப் பழகிவிட்டால் படத்தில் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானவை லதா மங்கேஷ்கர் பாடியவை, ஒன்றில் முகமது ரஃபி சேர்ந்துகொள்கிறார். இசை குலாம் முகமது. இசையமைப்பாளர் நௌஷாதிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்கத் தேவையில்லை. 'இன்ஹி லோகோன் நே' பாட்டிலிருந்து தொடங்குங்கள். மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுதியது. இதில் நடப்பது என்னவென்றால், ஒரு பெண் தன் துப்பட்டாவை இந்த ஆட்கள்தான் பறித்துக்கொண்டார்கள் என்று சபையில் புகார் சொல்கிறாள். நான் சொல்வதை நம்பாவிட்டால் துணிக்கடைக்காரனைக் கேளுங்கள், கெஜம் ஒரு பொற்காசு என்று எனக்கு விற்றவன் அவன்தான் என்கிறாள். அப்புறம் சாயக்காரனைச் சாட்சிக்கு அழைக்கிறாள், இளஞ்சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்தவன் அவன். கடைசியில் சிப்பாயைக் கேளுங்கள் என்கிறாள். நடுத்தெருவில் பறித்தவனே அவன்தான். பறித்தவனையே சாட்சிக்குக் கூப்பிடுகிற இந்தக் குறும்பைத் தெரிந்துகொண்டு கேட்டால், மீனா குமாரி புன்னகையோடு கை நீட்டும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரித் தெரியும். மேலுக்கு விளையாட்டு. உள்ளே, தன் மானம் போன கதையைப் போக்கியவர்கள் முன்னாலேயே ஆடிக் காட்டுகிற பெண். படம் முழுவதற்கும் இந்த ஒரு பாட்டே முன்னுரை.

அடுத்து கைஃபி ஆஸ்மி எழுதிய 'சல்தே சல்தே'. வழியில் போகிறபோது யாரோ சந்தித்துவிட்டுப் போனார், என் பயணமும் கதையும் அங்கேயே நின்றுவிட்டன என்பது சாரம். இதன் கடைசிச் சில நொடிகளைக் கவனமாகக் கேளுங்கள், தூரத்தில் ஒரு ரயில் கூவும். அது ஏன் என்பது படம் பார்க்கும்போது விளங்கும்.

மற்ற பாட்டுகளில் 'டாடே ரஹியோ', 'மௌசம் ஹை ஆஷிகானா', 'சலோ தில்தார் சலோ' மூன்றையும் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள். கடைசிப் பாட்டான 'தீர்-ஏ-நஸர்' மட்டும் படத்தோடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். இன்னொரு செய்தி நம் காதுக்கு இனிக்கும். படத்தின் பின்னணியில் தும்ரிகள் (வட இந்திய இசையில் ஒரு பாட்டு வகை) துண்டு துண்டாக மிதந்து வரும். அப்படிப் படத்துக்காக ஒரு தும்ரியைப் பாடியவர்களில் வேலூரில் பிறந்த வாணி ஜெயராமும் ஒருவர்.

பிரதியும் சப்டைட்டிலும்

படம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதைவிடப் பெரிய அளவு குறைவாக இருந்தால் வெட்டிய பிரதி, விட்டுவிடுங்கள். இது அகலத்திரைப் படம், அதனால் திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டை இருந்தால்தான் சரியான பிரதி. பட்டை இல்லாமல் முழுத்திரையும் நிரம்பி, ஓரத்தில் நிற்பவர்கள் பாதியாகத் தெரிந்தால் இரண்டு பக்கமும் நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைபேசியில் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்கு வழக்கமான காரணம் தவிர இன்னொன்றும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

தமிழ் சப்டைட்டில் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆங்கிலத்தோடு சமாளிக்க வேண்டியிருக்கும். வசனம் வரும்போது படியுங்கள். பாட்டு வரும்போது அணைத்துவிடுங்கள். முன்பே பொருள் தெரிந்துகொண்டு கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்த வீடு எப்படி இயங்கியது

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போனால் பல காட்சிகள் விளங்காது. கதாநாயகி ஒரு தவாயிஃப். வட இந்திய நகரங்களில், குறிப்பாக லக்னோவிலும் தில்லியிலும், கதக் ஆட்டம், தும்ரி, கஜல், உருதுக் கவிதை, சபையில் பேசும் முறை எல்லாவற்றிலும் பயிற்சி பெற்று, கடைவீதியின் மாடிக்கூடங்களில் நிகழ்ச்சி நடத்தியவர்கள் இவர்கள். அந்த ஆட்டபாட்ட நிகழ்ச்சிக்கு முஜ்ரா என்று பெயர். வீட்டை நடத்துவது மூத்த பெண். நவாபுகளும் ஜமீன்தார்களும் புரவலர்கள். 1856-ல் லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் நாட்டை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட பின்பு, அடுத்த ஆண்டு கிளர்ச்சியும் வந்து ஓய்ந்த பின்பு, பெரிய புரவலர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மரியாதை குறைந்து, தொழில் என்ற அளவில் மட்டும் பார்க்கும் நிலை வந்தது.

நம்மூர் தேவதாசி மரபை நினைத்துக்கொண்டு பார்த்தால் கொஞ்சம் உதவும், முழுக்க உதவாது. அங்கே மையம் கோயில். இங்கே கோயில் போன்ற ஒரு காப்பு இல்லை, புரவலரின் பணப்பையும் பிரியமும்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் படத்தின் முரண் உடனே பிடிபடும். அந்த வீட்டில் பெண்களுக்குப் பட்டு, நகை, நீரூற்று, விளக்கு, வேலைக்காரர்கள், சபையின் பாராட்டு எல்லாம் உண்டு. வெளியே போய் ஒரு வீட்டின் மருமகளாக வாழும் உரிமை மட்டும் கிடையாது. மாளிகையையே கல்லறை என்றும், தன்னை நடமாடும் பிணம் என்றும் கதாநாயகி சொல்லும் ஒரு இடம் வருகிறது. மிகைப்பேச்சு என்று தோன்றக்கூடும். அவள் பிறந்ததே ஒரு கல்லறைத் தோட்டத்தில் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிடம்

இங்கேதான் ஆட்கள் எழுந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாயின் கதை வேகவேகமாக ஓடிவிடும். நர்கிஸ் என்ற தவாயிஃப் ஷகாபுத்தீனை நம்பி அவன் வீட்டுக்குப் போகிறாள், குடும்பப் பெரியவர் ஏற்க மறுக்கிறார், அவள் ஓடிப்போய் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தங்கி, பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். நர்கிஸின் அக்கா நவாப்ஜான் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறாள். அதே முகம் வளர்ந்த பெண்ணாகத் திரும்ப வருகிறது, அவள்தான் சாஹிப்ஜான். இரண்டும் மீனா குமாரி என்பதால் யார் யார் என்ற குழப்பம் வரலாம். இந்த நான்கு பெயர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நர்கிஸ், ஷகாபுத்தீன், நவாப்ஜான், சாஹிப்ஜான். மற்றவர்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுதி முடிந்து 'இன்ஹி லோகோன் நே' வரும். இப்போது கைபேசி விஷயத்துக்கு வருகிறேன். சாஹிப்ஜான் முன்னால் ஆடிக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் தெரு நீளமாக விரிகிறது. எதிரே உள்ள மாடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். இவளைப் போல் எத்தனை பேர் என்று வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் கமால் அம்ரோஹி. கைபேசித் திரையில் அந்தப் பெண்கள் புள்ளிகளாகிவிடுவார்கள், காட்சியின் பொருளே போய்விடும். கலை இயக்குநர் என். பி. குல்கர்னி போட்ட அரங்கம். இந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்குத்தான்.

ரயில் காட்சியில் நிறுத்திப் பாருங்கள்

படத்தின் உயிர் இங்கே இருக்கிறது. சாஹிப்ஜானை அழைத்துக்கொண்டு நவாப்ஜான் தில்லியை விட்டு லக்னோவுக்கு ரயிலேறுகிறாள். இரவு. சாஹிப்ஜான் தூங்கிவிடுகிறாள். ஒரு நிலையத்தில் அவசரமாக ஏறும் முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் இவளுடைய பெட்டிக்குள் வந்துவிடுகிறான். அவன் கண்ணில் படுவது அவளுடைய பாதங்கள். ஒரு துண்டுச்சீட்டு எழுதி அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். உங்கள் பாதங்கள் மிக அழகு, இவற்றைத் தரையில் வைக்காதீர்கள், அழுக்காகிவிடும் என்பது சீட்டின் சேதி.

இத்தோடு நின்றிருந்தால் வெறும் சரசம். சாஹிப்ஜான் அந்தச் சீட்டைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, கூட இருக்கும் தோழி சொல்கிற பதில்தான் என்னை ஒவ்வொரு தடவையும் உலுக்குகிறது. இந்தச் சேதி உனக்கு எழுதியதே இல்லை என்கிறாள் அவள். அந்த நேரம் உன் காலில் சலங்கை இருந்திருக்காது. சலங்கையைப் பார்த்திருந்தால் இந்தக் கால்களைத் தரையில் வைக்காதே என்று எவன் எழுதுவான்?

ஆடுவதுதான் அவள் பிழைப்பு. தரையில் கால் வைக்காமல் அவளால் வாழ முடியாது. காதலும் தடையும் ஒரே துண்டுச்சீட்டில் அடங்கிவிட்டன. இதற்குப் பிறகு படம் முடியும்வரை நீங்கள் பார்க்க வேண்டியது அவள் முகத்தை அல்ல, காலை. எப்போது சலங்கை இருக்கிறது, எப்போது இல்லை, எந்தத் தரையில் நடக்கிறாள். 'தீர்-ஏ-நஸர்' வரும்போது இந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால் உங்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

ரயில் சத்தமும் அப்படித்தான். அந்த இரவுக்குப் பிறகு எங்கே ரயில் கூவினாலும் அது அந்த முகமறியாத மனிதனின் அழைப்பு. வசனத்தில் விளக்கமாட்டார்கள். காது கொடுத்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஒட்டுப்போட்ட இடங்கள்

இந்தப் படம் தொடங்கியது 1950களில். வெளியானது 1972-ல். இடையில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் திரையில் தெரியும் சில வித்தியாசங்கள் உங்களைத் துன்புறுத்தாது, மாறாகப் பிடித்துப்போகும்.

கமால் அம்ரோஹியும் மீனா குமாரியும் 1952-ல் மணந்தவர்கள். மனைவிக்காகவே கணவர் நினைத்த படம் இது. கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து, பிறகு வண்ணத்துக்கு மாறி, அகலத்திரைக்கும் மாறினார்கள். 1964-ல் இருவரும் பிரிந்தார்கள், படம் நின்றது. ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங், ஹிமான்ஷு ராயின் பாம்பே டாக்கீஸ் படநிறுவனக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்தவர், 1967-ல் இறந்தார். இசையமைப்பாளர் குலாம் முகமது 1968-ல் இறந்தார். எடுத்தவரைக்குமான காட்சிகளைப் பார்த்த நடிகர் சுனில் தத்தும் அவர் மனைவி நடிகை நர்கிஸும் (கதையில் வரும் நர்கிஸ் அல்ல) மீனா குமாரியிடம் பேசி, 1969-ல் படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. மீதி இசை வேலையை நௌஷாத் முடித்துக் கொடுத்தார். அதற்குள் மீனா குமாரிக்குக் கல்லீரல் நோய் முற்றியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு பாருங்கள். 'இன்ஹி லோகோன் நே'யில் முகம் நிறைந்து, உடல் துள்ளலாக இருக்கும். ஆற்றங்கரைக் கூடாரத்தில் வரும் 'மௌசம் ஹை ஆஷிகானா'வில் அதே பெண் களைத்துத் தெரிவாள், தளர்வான ஆண் உடையில் உடலை மறைத்திருப்பாள். படகில் போகும் 'சலோ தில்தார் சலோ'வில் முகத்தை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். வேகமான ஆட்டங்களில் சில இடங்களில் முக்காடு இறங்கியிருக்கும், அங்கே மீனா குமாரிக்குப் பதிலாக ஆடுவது பத்மா கன்னா. அசோக் குமார் ஆரம்பத் திட்டத்தில் கதாநாயகன் சலீமாக நடிக்க இருந்தவர். ஆண்டுகள் ஓடியதில் அவர் சாஹிப்ஜானின் தந்தை ஷகாபுத்தீன் ஆகிவிட்டார், சலீமாக ராஜ்குமார் வந்தார்.

இவற்றைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே படத்தில் ஒரு நடிகையின் இளமையும் கடைசிக் காலமும் அடுத்தடுத்த காட்சிகளாக வருவது, வெளியே ஒரு கௌரவமான வாழ்க்கைக்காகக் காத்திருந்து காத்திருந்து தளரும் சாஹிப்ஜானுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

இடையில் தொய்வு வரும்

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நவாபின் படகுப் பயணம், யானைகள் வந்து தாக்குவது, படகு அடித்துச் செல்லப்பட்டு வனத்துறை அதிகாரியான சலீமின் கூடாரத்துக்கே போய் ஒதுங்குவது, இதெல்லாம் தற்செயலுக்கும் மேலே தற்செயல். அங்கே கிடக்கும் நாட்குறிப்பைப் படித்து, ரயிலில் வந்தவன் இவன்தான் என்று சாஹிப்ஜான் தெரிந்துகொள்ளும் இடத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜ்குமார் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி நிறுத்தி, மேடையில் நிற்பதுபோல் பேசுவார். அது அவர் பாணி, அன்றைய ரசிகர்கள் அதற்காகவே கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சலீம் அவளுக்குப் 'பாக்கீசா' (தூய்மையானவள்) என்று பெயர் வைக்கும் கட்டத்துக்குப் பிறகு படம் மறுபடி சூடுபிடித்துவிடும், எழுந்து போகத் தோன்றாது.

இடைவேளை விட்டுத்தான் பார்ப்பேன் என்றால் கூடாரக் காட்சிகள் முடிந்ததும் நிறுத்துங்கள். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பதானாலும் அதுவே நல்ல இடம்.

கடைசியில் திருமண ஊர்வலம் வந்ததும் படம் முடிந்துவிட்டது என்று அணைத்துவிடாதீர்கள். ஊர்வலத்தை மேலிருந்து பார்க்கும் ஓர் இளம்பெண்ணின் முகம் வரும். அவள் யார், எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

பார்த்து முடித்த பிறகு

படம் வெளியானபோது விமர்சனங்கள் பெரிதாக வரவேற்கவில்லை. 1972 மார்ச் 31 அன்று, படம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மீனா குமாரி 38 வயதில் இறந்தார். அதன் பிறகு கூட்டம் திரண்டது. அவருடைய மரணம்தான் படத்தை ஓட்டியது என்று சிலர் சொல்வார்கள். பாட்டுகள் ஐம்பது ஆண்டு தாண்டியும் ஒலித்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் காரணம் போதாது. 1973-ல் அமிர்தசரஸ் தொலைக்காட்சியில் இந்தப் படத்தைப் போட்டபோது எல்லைக்கு அப்பால் லாகூரிலும் மக்கள் கூடிப் பார்த்திருக்கிறார்கள்.

குலாம் முகமதுவுக்கு இறந்த பிறகும் விருது கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஃபிலிம்ஃபேர் இசை விருது 'பே-ஈமான்' படத்துக்குப் போனது. அதே 'பே-ஈமான்' படத்துக்காகத் தனக்குக் கிடைத்த துணை நடிகர் விருதை, குலாம் முகமதுவுக்குத் தராதது அநியாயம் என்று நடிகர் பிரான் வாங்க மறுத்துவிட்டார். தன் படத்தைவிட அடுத்தவர் படத்துக்கு நியாயம் கேட்ட மனிதர்.

இது பிடித்திருந்தால் இரண்டாம் தடவை பார்க்கும்போது சப்டைட்டிலே வேண்டாம். அதற்குப் பிறகு முஸஃபர் அலி இயக்கிய 'உம்ராவ் ஜான்' பாருங்கள். ரேகா நடித்தது, கய்யாம் இசை, ஷஹ்ரியார் பாடல்கள், குரல் ஆஷா போஸ்லே. மிர்சா ஹாதி ருஸ்வாவின் உருது நாவலிலிருந்து வந்த படம். 'பாக்கீசா'வின் பகட்டு இதில் இருக்காது, பேச்சும் நடிப்பும் அடங்கியே இருக்கும், அதே லக்னோவை வேறு வெளிச்சத்தில் பார்ப்பீர்கள். தேடும்போது ஆண்டைப் பார்த்து எடுங்கள். 1981-ல் வந்ததுதான் நான் சொல்வது. அதே பெயரில் 2006-ல் இன்னொரு படமும் இருக்கிறது.